பேரலையும் ஒரு சிறு கட்டியும்



கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் மோரிப்தான். தண்ணீர் வற்றினால் சேறு, ஏறினால் முழங்கால் அளவு அலை. பிள்ளைகளைத் தைரியமாக இறக்கிவிடலாம். இன்னும் கொஞ்சம் அலை வேண்டுமென்றால் சன்வே லகூனில் இயந்திரம் எழுப்பும் அலை இருக்கிறது. உண்மையான அலையைப் பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது குவாந்தானுக்கு வடக்கே செராத்திங்கில் இளைஞர்கள் பலகையோடு கடலில் இறங்குவார்கள். அதுகூட ஆள் உயர அலைதான். மலாக்கா நீரிணையைப் பார்த்துப் பழகிய நமக்கு, மூன்று மாடி உயரத்துக்கு எழும்பும் அலையில் ஒரு மனிதர் நின்று சறுக்கி வருகிறார் என்றால் அது தொலைக்காட்சியில் பார்க்கும் வித்தை.

அப்படிப்பட்ட அலைகளின் ஊர் ஹவாய். அங்கே பிறந்து, 47 வயதில் மறைந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அவர் பெயர் ரெல் சன். ஹவாய் மக்கள் அவரை மாக்காஹாவின் ராணி என்றே அழைத்தார்கள். அலையில் 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். அதில் கடைசி 15 ஆண்டுகள் புற்றுநோயோடும் வாழ்ந்தவர். அந்த 15 ஆண்டுகளில் அவர் செய்த ஒரு வேலை நம் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் மிகவும் நெருக்கமானது. எப்படி என்று பிறகு பார்ப்போம். முதலில் அலை.

ஓவாஹு தீவின் மேற்குக் கரையில் வையனாய் என்றொரு வட்டாரம். அதற்குள் ஒரு சிற்றூர் மாக்காஹா. ஹோனலுலுவின் பெரிய ஹோட்டல்களிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். ஆனால் சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் ஹவாய்க்கும் இந்த ஹவாய்க்கும் சம்பந்தமில்லை. வறண்ட மலை, வெயில், ஹவாயின் பூர்வகுடி மக்கள் அதிகம் வாழும் பகுதி, வருமானம் குறைந்த குடும்பங்கள். குளிர்காலத்தில் பசிபிக் பெருங்கடலின் வடகோடியில் புயல் அடிக்கும்போது, அந்தப் புயல் தள்ளிவிட்ட நீர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து இந்தக் கரையில் மோதி எழும்பும். 1954 முதல் உலக அளவிலான அலைச்சறுக்குப் போட்டி நடந்த இடம் இது. 1969 டிசம்பரில் கிரெக் நோல் என்ற வீரர் இங்கே சறுக்கிய அலையை, அந்தக் காலத்தின் மிகப் பெரிய அலை என்று இன்றும் சொல்வார்கள்.

அந்த ஊரில் 1950இல் பிறந்தவர் ரெல். ஹவாய் இரத்தமும் சீன இரத்தமும் கலந்த குடும்பம். அவருடைய ஹவாய்ப் பெயர் கபோலியோகாஎஹுகாய். வாயில் நுழையச் சிரமமான பெயர்தான். ஆனால் பொருள் அழகானது: கடலின் இதயம். நான்கு வயதிலேயே பலகையில் ஏறிவிட்டார். பதினான்கு வயதில் போட்டிகளில் இறங்கினார். பெண்களுக்கென்று போட்டிகள் அரிதாக இருந்த காலம் அது. அதனால் பையன்களோடுதான் மோதினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஹவாயில் அலைச்சறுக்கு ஆண்களின் விளையாட்டு மட்டுமல்ல. அரச குடும்பத்துப் பெண்களும் சாதாரணப் பெண்களும் சேர்ந்தே சறுக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதபோதகர்கள் வந்த பிறகுதான் இதெல்லாம் நாகரிகமில்லை என்று ஒதுக்கப்பட்டது. பாட்டிமார்கள் செய்ததைப் பேத்தி மறுபடியும் போராடிப் பெற வேண்டியிருந்தது. 1970களில் ரெல்லும் ஜெரிக்கோ பாப்லர் போன்ற தோழியரும் சேர்ந்து பெண்களுக்கான சங்கம் அமைத்து, தொழில்முறைப் போட்டிகளுக்கு வழி திறந்தார்கள்.

பெரிய அலையில் சறுக்குவது என்றால் என்ன? பார்ப்பவர்களுக்கு அது வேகம், அழகு. இறங்குபவர்களுக்கு அது மூச்சுக் கணக்கு. விழுந்துவிட்டால் டன் கணக்கான நீர் தலைமேல் இறங்கி ஆளைக் கீழே அழுத்தும். எது மேல், எது கீழ் என்று தெரியாது. அந்த நேரத்தில் கையைக் காலை உதறிப் போராடினால் இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அனுபவசாலிகள் உடம்பைத் தளர்த்தி, தலையைக் கைகளால் மூடி, அலை தன்னை விடும்வரை காத்திருப்பார்கள். விட்டபிறகுதான் நீந்துவார்கள். மேலே வந்து ஒரு மூச்சு இழுப்பதற்குள் அடுத்த அலை வந்துவிட்டால் மறுபடியும் உள்ளே.

திறமைசாலிகளும் இதில் தப்பியதில்லை. மார்க் ஃபூ என்று ஒருவர், நம் பக்கத்து சிங்கப்பூரில் 1958இல் பிறந்தவர். பின்னாளில் ஹவாயின் பேரலை வீரர்களில் முன்வரிசைக்கு வந்தார். 1994 டிசம்பர் 23ஆம் தேதி கலிபோர்னியாவின் மேவரிக்ஸ் கடலில் விழுந்தார், எழவில்லை. அவர் வாழ்நாளில் சறுக்கிய மிகப் பெரிய அலை அல்ல அது. அன்றைய நாளின் மிகப் பெரிய அலைகூட அல்ல.

ரெல் சன் இந்தக் கடலை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்த்தவர். ஹவாயின் முதல் பெண் கடற்கரை உயிர்காப்பாளர் அவர்தான். உயிர்காப்பாளரின் வேலை பெரும்பாலும் உட்கார்ந்து பார்ப்பதுதான். யார் எங்கே இறங்குகிறார், எந்த நீரோட்டம் யாரை இழுக்கிறது, எந்தக் குழந்தை தாயைவிட்டு விலகிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்துவது அபூர்வம். பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் மூழ்குவார். சத்தம் வரும்வரை காத்திருக்கும் காவலரால் பயனில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மையார் சும்மா இருக்கத் தெரியாதவர். ஜூடோவில் கறுப்புப் பட்டை. மூச்சடக்கி மூழ்கி ஈட்டியால் மீன் பிடிப்பதில் கெட்டிக்காரி. ஹுலா நடனக்காரி. வானொலி அறிவிப்பாளராகவும் இருந்தார். 1976இல் மாக்காஹா கரையில் குழந்தைகளுக்கான அலைச்சறுக்குப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் தெருவில் சுற்றாமல் கடலில் சுற்றட்டும் என்பதுதான் எண்ணம். பின்னாளில் அந்தப் பிள்ளைகளில் சிலரை பிரான்ஸ் நாட்டின் பியாரிட்ஸ் வரைக்கும் அழைத்துப் போனார்.

1980களின் தொடக்கத்தில் நீண்ட பலகைப் பிரிவில் உலகின் முதல்நிலை வீராங்கனைகளில் ஒருவர் அவர். வயது 32. ஒரு போட்டிக்காகக் கலிபோர்னியா போயிருந்தபோதுதான் மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது.

தோலா, மார்பா?

இந்த இடத்தில் சிலர் புருவத்தை உயர்த்தலாம். அலைச்சறுக்கு வீரருக்குப் புற்றுநோய் என்றால் அது தோல் புற்றுநோயாகத்தானே இருக்க வேண்டும்? நியாயமான கேள்வி. நாள் முழுக்க வெயில், அதோடு நீரில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும் வெயில். முதிய அலைச்சறுக்கு வீரர்கள் பலர் மூக்கிலும் காதிலும் உதட்டிலும் வெட்டியெடுத்த தழும்போடு இருப்பார்கள். வெள்ளைத் தோல்காரர்கள் கடற்கரையிலேயே வாழும் ஆஸ்திரேலியாவில் நிலைமை எப்படியென்றால், அந்நாட்டவர் மூன்று பேரில் இருவருக்கு எழுபது வயதுக்குள் ஏதாவதொரு தோல் புற்றுநோய் வரும் என்பது அங்கே நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. அதனால்தான் 1981இலேயே, சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று பாட்டுப் பாடித் தொலைக்காட்சியில் பிரசாரம் தொடங்கினார்கள். நாம் எல்லோரும் வர்ணனையாளராகக் கேட்டு ரசித்த கிரிக்கெட் மேதை ரிச்சி பெனோ, 2014இல் தமக்குத் தோல் புற்றுநோய் என்பதை அறிவித்தார். விளையாடிய காலத்தில் தொப்பி அணியாததைப் பற்றியும் வருந்திச் சொன்னார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் மறைந்தார்.

"நமக்குத்தான் கறுப்புத் தோலாயிற்றே, நமக்கென்ன?" என்று உடனே ஒரு குரல் வரும். நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி வெயிலுக்கு ஓரளவு குடை பிடிக்கிறது, உண்மைதான். ஆனால் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோயில் ஒரு வகை, வெயிலே படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வரும். கறுப்புத் தோல்காரர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. ரெகே பாடகர் பாப் மார்லியைப் பலருக்கும் தெரியும். 1977இல் அவருடைய கால் பெருவிரல் நகத்துக்கடியில் ஒரு கருமை. பந்தாட்டத்தில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். பரிசோதித்தபோது மெலனோமா. விரலை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவர் சம்மதிக்கவில்லை. ஒரு பகுதியை மட்டும் அகற்றிவிட்டு மேடை ஏறினார். நான்கே ஆண்டுகள். 1981 மே 11ஆம் தேதி மயாமியில் காலமானார். வயது 36.

காலில் ஆறாத புண், உள்ளங்காலில் பரவும் கரும்புள்ளி, நகத்தில் நாளுக்கு நாள் அகலமாகும் கறுப்புக் கோடு, இவை இருந்தால் "கல் இடித்திருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய் நிறைந்த நம் சமூகத்தில் காலைப் பார்க்கும் பழக்கம் எப்படியும் வேண்டியதுதான். பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, ரெல்லிடம் திரும்புவோம். அவருக்கு வந்தது வெயில் தந்த நோய் அல்ல, மார்பகப் புற்றுநோய். மருத்துவர்கள் ஓராண்டுதான் கணக்குச் சொன்னார்கள். அவர் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் இருந்தார். மார்பகம் அகற்றப்பட்டது. மருந்து ஏற்றும் சிகிச்சை, கதிர்வீச்சு, எலும்பு மஜ்ஜை மாற்று எல்லாம் நடந்தன. நோய் அடங்கும், மறுபடி தலைதூக்கும், மறுபடி அடங்கும். இடையிடையே உடம்பு இடம் கொடுத்தபோதெல்லாம் பலகையை எடுத்துக்கொண்டு மாக்காஹா கடலில் இறங்கினார்.

இப்படிப்பட்ட கதைகளைச் சொல்லும்போது நாம் வழக்கமாக ஒரு வாக்கியம் சேர்ப்போம்: "மனத்துணிவால் புற்றுநோயை வென்றார்." இந்த வாக்கியத்தை இங்கே சேர்க்காமல் விடுவதே மரியாதை. புற்றுநோய்க்குத் துணிவு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியாது. ஆறு மாதத்தில் போய்விட்ட எத்தனையோ அம்மாக்கள், அக்காக்கள் ரெல்லைவிடக் கோழைகள் அல்ல. சிலருக்கு நோயின் தன்மை அப்படி, சிலருக்கு மருந்து கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. அலையை அடக்கியவர் என்று யாராவது சொன்னால் அலைச்சறுக்கு வீரர்கள் சிரிப்பார்கள். அலையை யாரும் அடக்க முடியாது, அது விடும்வரை தாங்கலாம், அவ்வளவுதான்.

அவர் துணிவைவிடப் பேச வேண்டியது வேறு. நோய் வந்த பிறகு அவர் தம் ஊர்ப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். ஹவாயில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது பூர்வகுடிப் பெண்களிடையேதான் அதிகம். வையனாய் வட்டாரப் பெண்கள் பரிசோதனைக்குப் போகாமல், போனாலும் காலம் தாழ்த்திப் போனார்கள். காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. வேலையை விட்டுப் போக முடியாது, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை, மருத்துவமனையில் அந்நியர் முன் ஆடை களைய வெட்கம், என்ன சொல்லிவிடுவார்களோ என்ற பயம். குடும்பத்தில் எல்லோரையும் கவனித்து முடித்தபிறகு கடைசியில்தான் தன் உடம்பு.

1990களில் அந்த வட்டாரத்தில் ஒரு புற்றுநோய் ஆய்வுத் திட்டம் நடந்தது. வெளியூர் நிபுணர் வந்து மண்டபத்தில் படம் போட்டுப் பாடம் நடத்துவதை அவர்கள் நம்பவில்லை. "கொக்குவா" குழுக்கள் அமைத்தார்கள். ஹவாய் மொழியில் கொக்குவா என்றால் உதவி. அந்தத் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்ணே பயிற்சி பெற்று, தன் உறவினரையும் தோழிகளையும் ஒரு வீட்டில் கூட்டி, சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். பேச்சு பேச்சாகவே மார்பகம், கருப்பை வாய், பரிசோதனை எல்லாம் வந்துவிடும். பிறகு சேர்ந்து போவார்கள். ரெல் சன் வையனாய் புற்றுநோய் ஆய்வு மையத்தில் ஆலோசகராகப் பணியாற்றி, ஊர்ப் பெண்களுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொன்னார். ஊருக்கே ராணி, பார்த்தால் ஆரோக்கியத்தின் மறுவடிவம், அவருக்கே வந்திருக்கிறது என்றால் நமக்கும் வரலாம் என்று பெண்களுக்குப் புரிந்தது. உயிர்காப்பாளர் மேடையில் உட்கார்ந்து, கத்தாமல் மூழ்குகிறவர்களைத் தேடிய அதே கண்கள்தான் இங்கேயும் வேலை செய்தன.

ஹார்லெமில் ஒரு மருத்துவர்

இதே காலத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின ஏழை மக்கள் வாழும் இடத்தில், ஹரோல்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர் ஒரு கணக்கைப் பார்த்து அதிர்ந்து போயிருந்தார். 1964 முதல் 1986 வரை அவருடைய மருத்துவமனைக்கு வந்த 606 மார்பகப் புற்றுநோயாளிகளில் ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 39 விழுக்காடுதான். பாதிப் பேர் நோய் முற்றிய பிறகே வந்தவர்கள். 1990இல் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். குறைந்த செலவில் பரிசோதனை, அதோடு ஒவ்வொரு நோயாளிக்கும் அந்த ஊரைச் சேர்ந்த ஒரு வழித்துணை. இவர் மருத்துவரல்ல. எந்தக் கவுண்டரில் நிற்பது, எந்தப் படிவம் நிரப்புவது, அடுத்த தேதி எப்போது, பயந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டால் போய்க் கதவைத் தட்டுவது, இவைதான் வேலை. 1995 முதல் 2000 வரை வந்தவர்களின் கணக்கைப் பார்த்தபோது ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 70 விழுக்காடு.

இப்போது கிள்ளானுக்கு வருவோம்.

மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். சீனப் பெண்களுக்கு அடுத்தபடியாக, அவர்களுக்கு மிக அருகில் இருப்பவர்கள் இந்தியப் பெண்கள். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்தவர்கள். கட்டம் என்பது வெறும் எண் அல்ல. நம் நாட்டில் 2007 முதல் 2011 வரை நோய் கண்டவர்களைப் பின்தொடர்ந்த சுகாதார அமைச்சின் ஆய்வு சொல்வது இது: முதல் கட்டத்தில் வந்தவர்களில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 87.5 விழுக்காடு, நான்காம் கட்டத்தில் 23.3 விழுக்காடு. அதே மருத்துவமனைகள், அதே மருத்துவர்கள், அதே மருந்துகள். வந்து சேர்ந்த நாள்தான் வேறு.

ஏன் தாமதம்? பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது இரு பெண்கள் பேசிக்கொள்வதைக் கற்பனை செய்து பாருங்கள். பலர் இதை நேரிலேயே கேட்டிருப்பீர்கள்.

"கட்டி மாதிரி இருக்குக்கா. ஆனா வலியே இல்ல."

"வலி இல்லன்னா ஒண்ணும் இருக்காதும்மா. கொழுப்பா இருக்கும். தீபாவளி முடியட்டும், பாத்துக்கலாம்."

அந்த அக்கா நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிக்காது. வலி இல்லாததுதான் அதன் ஆபத்து. தீபாவளி முடியும், பிறகு மகளின் தேர்வு வரும், பிறகு தைப்பூசம். இடையில் யாரோ ஒரு மூலிகை சொல்வார், யாரோ ஒரு சாமியார் சொல்வார். மார்பை அறுத்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம், கணவர் என்ன சொல்வாரோ என்ற தயக்கம் இன்னொரு பக்கம். கணவன்மார்கள் இங்கே கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். மனைவி ஒரு வார்த்தை சொன்னால், "போய்ப் பார்" என்று சொல்வது போதாது. "வா, போகலாம்" என்று சொல்ல வேண்டும். முன்னதைச் சொன்ன பலர், பின்னால் வந்து மருத்துவமனை நடைபாதையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

2014இல் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில், நாம் கிள்ளான் பெரிய மருத்துவமனை என்று சொல்லும் அதே இடத்தில், கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற அமைப்பின் முயற்சியில் பிங்க் ரிப்பன் மையம் என்ற பெயரில் ஒரு வழித்துணைத் திட்டம் தொடங்கியது. ஹார்லெமில் செய்ததைத்தான் இங்கே நம் சூழலுக்கு ஏற்றபடி செய்தார்கள். தாதியரும் சமூகத்திலிருந்து வந்த துணையாளர்களும் நோயாளியின் கூடவே இருப்பார்கள். தேதியை நினைவுபடுத்துவது, வராதவரைத் தொலைபேசியில் அழைப்பது, மருத்துவர் சொன்னதைப் புரியும்படி எடுத்துச் சொல்வது, போக்குவரத்துக்கு வழியில்லாதவருக்கு வழி தேடுவது.

விளைவை ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறார்கள். திட்டம் வருமுன், உரிய நேரத்தில் மம்மோகிராம் எடுக்கப்பட்டவர்கள் 74.4 விழுக்காடு. திட்டம் வந்த பிறகு 96.4. சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனவர்கள் முன்பு 11.5 விழுக்காடு, பின்பு 4.4. புதிய மருந்து எதுவும் வரவில்லை, புதிய கட்டடமும் இல்லை. கூட ஓர் ஆள் இருந்தார். பின்னர் நாட்டின் வேறு சில அரசாங்க மருத்துவமனைகளுக்கும் இந்த ஏற்பாடு போயிருக்கிறது.

வையனாய் பெண்கள் ஒரு வீட்டில் கூடிப் பேசியதும் இதே யோசனைதான். நம்மிடம் அதற்கான வீடுகளுக்கும் கூட்டங்களுக்கும் பஞ்சமா? கோயிலில் வெள்ளிக்கிழமை கூடும் பெண்கள் இருக்கிறார்கள். பால்குடத்துக்கு முப்பது பேர் சேர்ந்து பேருந்து பிடிக்கத் தெரியும். சீட்டு பிடிப்பதற்கு மாதம் தவறாமல் ஒரு வீட்டில் கூடத் தெரியும். தோட்டப்புறத்தில் ஒருவர் வீட்டுப் பிரசவத்துக்கு லயமே விழித்திருந்த காலம் ஒன்று இருந்தது. தோட்டம் போய் அடுக்குமாடி வந்தபிறகு, பக்கத்து வீட்டுக்காரி மருத்துவமனைக்குப் போவது நமக்குச் சவ வண்டி வரும்போதுதான் தெரிகிறது. கசப்பான பேச்சுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1998 ஜனவரி 2ஆம் தேதி ரெல் சன் தம் சொந்த ஊரான மாக்காஹாவில் காலமானார். அவருடைய அஸ்தியைக் கடலில் கரைக்கும் நாளில் ஆயிரக்கணக்கானோர் கரையில் கூடினார்கள். அலைச்சறுக்கு வீரர்கள் பலகைகளில் படுத்துத் துடுப்பிட்டுக் கடலுக்குள் போய் வட்டமாகச் சேர்ந்து நின்றார்கள். அவருடைய வாழ்க்கையை "கடலின் இதயம்" என்ற அவர் பெயரிலேயே இரு பெண் இயக்குநர்கள் ஆவணப்படமாக எடுத்தார்கள். அது அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அவர் தொடங்கிய குழந்தைகள் போட்டியும் அவர் மறைவுக்குப் பிறகு தொடர்ந்து நடந்தது.

கடைசியாகச் சில நடைமுறைச் செய்திகள். மார்பில் கட்டி, தோலில் குழி அல்லது தடிப்பு, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து இரத்தமோ நீரோ கசிவது, அக்குளில் கட்டி, இவற்றில் எது புதிதாக வந்தாலும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் காட்ட வேண்டும். காட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது புற்றுநோயாக இருப்பதில்லை, அதையும் பயப்படுகிறவர்களுக்குச் சொல்லுங்கள். அம்மாவுக்கோ அக்காள் தங்கைக்கோ இந்த நோய் வந்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று மறைத்த குடும்பங்கள் உண்டு. அரசாங்க கிளினிக்கில் குடியுரிமை உள்ளவர்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கேயே மருத்துவரோ தாதியோ சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் தகுதியுள்ள பெண்களுக்கு மம்மோகிராம் செலவில் உதவித்தொகை வழங்கும் திட்டத்தையும் நடத்தி வந்திருக்கிறது. விவரத்தை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடையாள அட்டையை மறக்க வேண்டாம். பழைய மருத்துவக் குறிப்பு இருந்தால் அதுவும் வேண்டும். முன்னால் பொத்தான் வைத்த சட்டையாகப் போட்டுக்கொண்டு போனால் வசதி. பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிப் போங்கள். அவரும் காட்டி ரொம்ப நாளாகியிருக்கும்.